பதினெட்டுத் தட்டு

சாவ்காவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். சமைப்பாள். டிசம்பர் ஐந்தாம் தேதி சாயங்காலம் அவள் வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று பாத்திரங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அவள் கணவன் மின்சோ சமையலறைக் கதவைத் திறந்தான், பாத்திரங்களைப் பார்த்தான், மனைவியின் முதுகைப் பார்த்தான், வாயைத் திறக்காமல் கதவை மூடிக்கொண்டு போனான். இருபது வருடக் குடித்தனத்தில் அந்தப் புத்தியாவது வந்திருந்தது.

அன்று அவளுடைய பெயர்நாள், அவள் பெயருக்குரிய புனிதரின் திருநாள். எங்கள் மலையில் ஒருவரின் பிறந்தநாளை மறந்துபோனால் மன்னித்துவிடுவார்கள். பெயர்நாளை மறந்தால் அடுத்த வருடம் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். சாவா என்ற புனிதரின் நாளில் சாவ்காக்கள் எல்லோரும் கையில் பலகாரத்தோடு வேலைக்குப் போவார்கள். கூட வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, 'உன் பேரு உயிரோட, சுகமா இருக்கட்டும்' என்பார்கள். அவ்வளவுதான் விசேஷம். அந்த அவ்வளவைத்தான் அன்று காலை அவளுக்கு இல்லாமல் செய்துவிட்டான் திரிஃபோன்.

திரிஃபோன் தையல் கம்பெனியின் வண்டி ஓட்டுகிறவன். மேலே கோவில் பக்கத்தில் ஐந்து நாற்பதுக்குக் கிளம்பி, ஊருக்குள் மூன்று இடங்களில் ஆள் ஏற்றிக்கொண்டு, மலையிறங்கிப் பள்ளத்தாக்கில் இருக்கும் கம்பெனிக்கு ஆறே முக்காலுக்குக் கொண்டுசேர்ப்பான். கடைசி நிறுத்தம் பாலம். சாவ்கா ஏறுவது அங்கேதான். அவள் ஒருத்திதான் அங்கே ஏறுவாள்.

முதல் நாள் ராத்திரியெல்லாம் பனி கொட்டி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலம் என்பதால் வெண்ணெய், பாலாடைக்கட்டி எதுவும் கூடாது. பரங்கிக்காயைத் துருவி வாதுமைப் பருப்பும் சர்க்கரையும் வைத்து, மெல்லிய மாவுத் தாளில் சுருட்டிச் சுட்ட பலகாரம் நிறைந்த பெரிய தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் பனிக்குள் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தாள். நிறுத்தத்துக்கு இன்னும் முப்பது அடி இருக்கும்போது வண்டி வந்தது. விளக்கு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கை இரண்டிலும் தட்டு இருந்ததால் தட்டையே தூக்கிக் காட்டினாள். வண்டி வேகம் குறைந்தது. அவள் சிரித்தாள்கூட. அப்புறம் கியர் மாறுகிற சத்தம் கேட்டது. வண்டி பாலத்தைத் தாண்டிப் போயே போய்விட்டது.

நாலு கிலோமீட்டர் நடந்தபின் ஒரு பால் வண்டி அவளை ஏற்றிக்கொண்டது. கம்பெனியில் கால் வைத்தபோது எட்டே கால். மாதத்துக்கு ஒருமுறை தலைநகரத்திலிருந்து வரும் முதலாளி அன்றைக்கென்று பார்த்து ஏழு மணிக்கே வந்திருந்தார். லைன் சூப்பர்வைசராக இருந்த ஸ்தாமெனா நவம்பரில் ஓய்வு பெற்றுவிட்டாள். அந்த இடம் சாவ்காவுக்குத்தான் என்பது வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். இருபத்திரண்டு வருடம் துணியோரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள், குறை என்று ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரத்துக்கு வரத் தெரியாதவ லைனை எப்படி நடத்துவா?" என்றார். சூப்பர்வைசரின் சாவிக்கொத்தைத் தூக்கித் தோச்காவின் கையில் கொடுத்துவிட்டார்.

தோச்கா யார் என்று கேட்கிறீர்களா? திரிஃபோனின் மனைவி. வண்டியில் அவன் பக்கத்து இருக்கையில் தினமும் உட்கார்ந்து வருகிறவள்.

சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் வண்டியில் ஏறியபோது சாவ்கா ஏறவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவருகே போய் நின்றாள்.

"ஏன் நிறுத்தல?"

"எங்க?" என்றான் திரிஃபோன்.

"பாலத்துல."

"பாலத்துல யாரும் இல்லையே."

"கையில தட்டோட நின்னேன். உன் லைட்டு என் மூஞ்சியில அடிச்சுது. வேகத்தக் கொறச்ச. அப்புறம் போயிட்ட."

"பனி கொட்டிட்டு இருந்துச்சு சாவ்கா. நான் யாரையும் பாக்கல. நீ லேட்டா கெளம்பிட்டு அத என் தலையில கட்டாத."

"தோச்கா அக்கா, நீங்க பாத்தீங்கல்ல?"

தோச்கா மடியில் கிடந்த சாவிக்கொத்தைக் கைப்பைக்குள் போட்டாள். "எனக்குக் கண்ணாடி போடாம எதுவும் தெரியாது," என்றாள்.

கடைசி வரிசையிலிருந்து ஓக்னியான் குரல் கொடுத்தான். கட்டிங் மேஜையில் வேலை செய்பவன், வாய் சும்மா இருக்காது. "எல்லாம் இருக்கட்டும் சாவ்கா, அந்தப் பரங்கிக்காய் என்ன ஆச்சு? அத முதல்ல சொல்லு!"

வண்டி முழுக்கச் சிரித்தது. பரங்கிக்காய் பால்காரனுக்குப் போய்விட்டிருந்தது. அவனாவது அவள் பேரை வாழ்த்தினான். சாவ்கா ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.  அன்றோடு தோச்காவை அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதே வண்டியில் வருகிறவர்கள் முன்னால் அவன் 'நான் பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். பதவி பிறகு. மானம் முதலில். பொய்க்காரி என்ற பேரோடு தினமும் ஒரு மணி நேரம் அந்த வண்டியில் உட்கார்ந்து போய் வர அவளால் முடியாது.  மூன்று பாத்திரத்தில் எதைக் கிளறினாலும் கோபம் அணையவில்லை.

மறுநாள் ஞாயிறு, நிகோலாய்களின் நாள். செக்கிங் பிரிவு நிகோலாய் வீட்டுக்கு மின்சோவையும் கூட்டிக்கொண்டு போனாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. மேஜை போட்டிருக்கும், கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். வந்தவர் யாராக இருந்தாலும் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். நிகோலாய் வீட்டு நடையில் கழற்றிப்போட்ட பூட்ஸ்கள் சுவரோரமாக இரண்டு வரிசைக்கு நின்றன. அரிசி அடைத்துச் சுட்ட கெண்டை மீன் நாலாவது தட்டிலும் தீர்ந்துகொண்டிருந்தது. நிகோலாய் அடிக்கடி நடைக்கு வந்து பூட்ஸ்களை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

"முப்பத்தொண்ணு ஜோடி," என்றான் மனைவியிடம். அவன் குரலைக் கேட்டால் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

சாவ்கா மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மேஜை போட்டு வைத்து, யாருமே வராமல் போனால்? அழைப்பு என்று ஒன்று இல்லாத விருந்துக்கு வரவில்லை என்று யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. காலி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்த ஆம்பளை உடைந்துபோவான். உடைந்தால் உண்மை தானாக வெளியே விழும். அவளுக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவனே வண்டியில் எழுந்து நிற்பான். இப்படிப் போயிற்று அவள் கணக்கு.

திரிஃபோனின் நாள் பிப்ரவரியில். பத்து வாரம் இருந்தது. வண்டியில் அந்தப் புருஷன் பெண்டாட்டியை விட்டால், சாவ்காவையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். மற்ற பதினேழு பேரையும் ஒவ்வொருவராகப் பிடிக்க அந்தக் குளிர்காலத்தின் அத்தனை சின்னக் கொண்டாட்டங்களும் அவளுக்கு உதவின.

நிகோலாயை அன்றைக்கே பிடித்தாள். டிசம்பர் இருபதாம் தேதி ஓக்னியானின் நாள். அவன் வீட்டுக்கு வால்நட் கேக் ஒன்றைச் சுட்டு எடுத்துப்போனாள். பரங்கிக்காய் என்று பேசிய வாயில் முதல் துண்டைத் தன் கையால் வைத்தாள்.

"சாவ்கா, நீ என்மேல கோவமா இருப்பேன்னு நெனச்சேன்," என்றான் அவன், வாய் நிறைய.

"கோவமா? உன்மேலயா? நீ சும்மா வாயாடுற. அவன் காலால பிரேக்க அமுக்கிட்டு, என்ன பாத்துட்டு, அப்புறம் கால எடுத்தான். நாளைக்கு உன் அம்மா டாக்டர்கிட்ட போகணும்னு பாலத்துல நிப்பாங்க. பனி கொட்டும். அவன் பாக்கலன்னு சொல்லுவான்."

ஓக்னியான் மெல்லுவதை நிறுத்தினான். "வண்டி ஸ்லோ ஆச்சு," என்றான் மெதுவாக. "அன்னிக்கு எனக்கும் தெரிஞ்சுது. பாலத்துக்கிட்ட ஸ்லோ ஆச்சு."

"அத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"ஜன்னலெல்லாம் உள்பக்கமே உறைஞ்சிருந்துச்சு. எனக்கு என்ன தெரியும், மான் ஏதாவது குறுக்க வந்துச்சோன்னு…"

வண்டி வேகம் குறைந்தது பதினேழு பேருக்கும் தெரிந்திருந்தது என்பதைச் சாவ்கா ஒவ்வொரு வீட்டு விருந்திலும் கண்டுபிடித்தாள். ஒருவர்கூட அன்று வாய் திறக்கவில்லை. இப்போதும் திரிஃபோனின் முகத்துக்கு நேரே கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. தினமும் மலையிறக்கத்தில் உயிரை அவன் கையில் கொடுக்கிறவர்கள் அவர்கள். ஆனால் அவன் வீட்டுக்குப் போகாமல் இருக்கச் சம்மதமா என்றால், உடனே சம்மதித்தார்கள். கேள்வி கேட்க எழுந்து நிற்க வேண்டும். இதற்கு வீட்டில் உட்கார்ந்திருந்தால் போதும். எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியாதா என்ன.

கம்பெனியிலும் பெண்கள் தோச்காவோடு டீ குடிப்பதை நிறுத்தினார்கள். அதைச் சாவ்கா கேட்கவே இல்லை. அதுவாக நடந்தது. தோச்கா மிஷின்களுக்கு நடுவே சாவிக்கொத்தோடு நடந்து வரும்போது பேச்சு நிற்கும். அவள் தாண்டிப் போனதும் தொடங்கும்.

ஜனவரி ஏழாம் தேதிக்குள் பதினாறு பேரின் வார்த்தை கைக்கு வந்துவிட்டது. பாக்கி ராத்கா ஒருத்தி. சாவ்காவின் பக்கத்து இருக்கைக்காரி, பதினைந்து வருடச் சிநேகிதி. அவளைத்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும். ஆனால் ராத்காவுக்கு இளகிய மனசு, யார் அழுதாலும் கூட அழுவாள், அதனால் கடைசியில் வைத்திருந்தாள்.

ராத்கா சரி என்று சொன்ன வாரத்திலேயே அவள் மனதைக் கலைக்க ஒரு சம்பவம் நடந்தது. காற்றடித்துக் குவித்த பனியில் வண்டி மூன்றாவது வளைவில் வழுக்கி, பின்சக்கரம் இரண்டும் பள்ளத்தை நோக்கிப் போய் நின்றது. ராத்கா கத்தினாள், நிகோலாய் ஜெபம் சொன்னான். திரிஃபோன் மட்டும் சத்தம் காட்டவில்லை. ஒவ்வொருவராகக் கைபிடித்து முன்கதவு வழியாக இறக்கினான். பிறகு சங்கிலி மாட்டினான், மண்வெட்டி எடுத்து ஒன்றரை மணி நேரம் பனியை வெட்டினான். ராத்காவின் விரல்கள் நீலமானதைப் பார்த்துத் தன் கையுறையைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டான். சாவ்காவுக்கும் கை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்காமல் கதவுக் கம்பியைப் பிடித்து இறங்கினாள்.

மறுநாள் ராத்கா அவள் காதோரம் குனிந்தாள். "என்னடி பண்றது, பாவமா இருக்கு. வெறுங்கையோட வெட்டினான். அவன் வீட்டுக்குப் போகாம எப்படி?"

"கையுறை குடுத்தான்ல?"

"குடுத்தான்."

"உன் கை நீலமானது அவ்வளவு தூரத்துலயிருந்து அவன் கண்ணுக்குத் தெரிஞ்சுது. லைட்டு வெளிச்சத்துல தட்டோட நின்ன நான் மட்டும் தெரியல. யோசிச்சுப் பாரு."

ராத்கா யோசித்தாள். அன்று முழுக்க யோசித்தாள். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போது, "சரிடி, போகல," என்றாள்.

இப்போது திரிஃபோன்களின் நாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது இரண்டு நாள். பள்ளத்தாக்கில் தேவாலய நாள்காட்டிப்படி பிப்ரவரி ஒன்றாம் தேதி. மலையில் பழைய கணக்குப்படி பதினாலாம் தேதி. அன்று காலையில் திராட்சைக் கொடியை வெட்டி, வேரில் ஒயின் ஊற்றிவிட்டு, மத்தியானம் வீட்டில் மேஜை போடுவார்கள். திரிஃபோன் எப்போதும் பதினாலாம் தேதிக்காரன். அது எல்லோருக்கும் தெரியும்.

சாவ்கா இங்கேதான் தன் புத்தியைக் காட்டினாள். ஒன்றாம் தேதி திங்கட்கிழமை காலையில், பாலத்தில் ஏறும்போதே அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். "திரிஃபோன், உன் பேரு உயிரோட, சுகமா இருக்கட்டும்!"

அவள் தொடங்கியதும் பதினேழு பேரும் வரிசையாக எழுந்து வந்தார்கள். கையைக் குலுக்கினார்கள், தோளைத் தட்டினார்கள், வாழ்த்தினார்கள். ஓக்னியான் அவனுடைய நெற்றியில் முத்தமே கொடுத்துவிட்டான். கடமை முடிந்தது. இனிப் பதினாலாம் தேதி போகவில்லை என்று யார் கேட்டாலும், அட, ஒன்றாம் தேதியே வாழ்த்திவிட்டோமே என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரிஃபோன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். "என் நாள் பதினாலுதானே," என்றான். "உங்களுக்குத் தெரியாததா?"

"ரெண்டு நாளும் உன்னோடதுதான் அண்ணே!" என்றான் ஓக்னியான்.

"பதினாலாம் தேதி நான் வீட்டுலதான் இருப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னான். "மத்தியானம். எல்லாரும் வந்தா நல்லது."

 பெயர்நாளுக்கு வாய்விட்டு அழைக்கிற ஆளை எங்கள் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. வெட்கக்கேடு அது. சாவ்கா ராத்காவின் முழங்கையை இடித்தாள். பயந்துவிட்டான், வாடை பிடித்துவிட்டான், வாலைச் சுருட்டிக்கொண்டு கெஞ்சுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அன்று ஓவர்லாக் மிஷின் அவள் காலுக்குக் கீழே பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது.

பதினாலாம் தேதி ஞாயிறு. விடியும்போதே பனி நின்று வானம் பளிச்சென்று இருந்தது. வர முடியவில்லை என்று சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லாமல் போனது அந்த வானிலையால். மின்சோ சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு பூட்ஸைத் தேடினான்.

"என் பூட்ஸ் எங்க?"

"எங்க போற?"

"திரிஃபோன் வீட்டுக்கு. முப்பது வருஷமா அவன் ஒயின நான் குடிக்கிறேன், அவன் நான் காய்ச்சுற ராக்கியாவக் குடிக்கிறான். உங்க வண்டி சண்டை எனக்கு எதுக்கு?"

"பூட்ஸ கோழிக் கூண்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

"சாவ்கா!"

"துணி பிஞ்ச செருப்பு ஒண்ணு கெடக்கு. அத மாட்டிட்டுப் போறியா?"

மின்சோ ஜன்னலோரம் உட்கார்ந்து பகல் முழுக்கப் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டான். நடுவில் ஒரே ஒரு தடவை பத்திரிகையை இறக்கினான். "நீ நல்லவதான்," என்றான். "ஆனா உன்கூடச் சண்டை போடுறவன் பாவம்."

திரிஃபோன் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், சாவ்காவின் மாடி ஜன்னலிலிருந்து வாசல் வரைக்கும் தெரியும். மணி பன்னிரண்டுக்கு அவன் கொடி வெட்டிவிட்டு வந்தான். ஒரு மணிக்குத் தோச்கா வாசல் பனியைப் பெருக்கினாள். ஒன்றரைக்கு மறுபடியும் பெருக்கினாள், அதற்குள் பனி எதுவும் விழாதபோதும். இரண்டு மணிக்குத் திரிஃபோன் வெறும் சட்டையோடு வாசலுக்கு வந்து சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். சாவ்கா நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். மனசுக்குள் நல்ல உணவு சாப்பிட்டதுபோல் ஒரு சூடு பரவியது. அதை அவள் மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. பத்து வாரம் காத்திருந்து வாங்கிய சூடு.

மூன்று மணிக்கு அவன் மறுபடியும் வாசலுக்கு வந்தான். இந்தத் தடவை சாலையைப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது கிட்டேயிருந்து பார்க்க வேண்டும் என்று சாவ்காவுக்கு ஆசை வந்தது. அவன் உடைந்திருக்கிறான், இனிக் கேட்டால் சொல்வான். நாளைக் காலையில் வண்டியில் எழுந்து நின்று சொல்வாயா என்று கேட்டு, வாக்கு வாங்கிக்கொண்டு வர வேண்டும். வருகிறவரைத் துரத்துவதற்கு அவனுக்கு அதிகாரமில்லை, அது பெயர்நாள். அவள் நல்ல மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு ஒயின் பாட்டிலை எடுத்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டிப் போனாள்.

கதவு திறந்தே இருந்தது. நடையில் ஒரு பூட்ஸ்கூட இல்லை. அவள் தன்னுடையதைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள்.

"திரிஃபோன், உன் பேரு உயிரோட, சுகமா இருக்கட்டும்."

அவன் எழுந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. "வா சாவ்கா," என்றான். "உக்காரு."

இரண்டு மேஜைகளைச் சேர்த்துப்போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. தட்டுகளைச் சாவ்கா தன்னை அறியாமல் எண்ணினாள். அந்த இருவருடையதையும் தள்ளிப் பதினெட்டு. நடுவில் பன்றியிறைச்சி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. தோச்கா அடுக்களையிலிருந்து வந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோற்று உருண்டைகளை நாலு எடுத்துச் சாவ்காவின் தட்டில் வைத்தாள்.

"உனக்கும் சேர்த்துத்தான் போட்டிருந்தேன்," என்றாள்.

சாவ்கா ஒன்றைச் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "கேக்கறேன், சொல்லிடு. அன்னிக்கு என்னப் பாத்தியா?"

"பாத்தேன்," என்றான் திரிஃபோன்.

அவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. 

"தட்ட தூக்கிக் காட்டினியே, அதையும் பாத்தேன். பிரேக்க அமுக்கினேன். அப்போ எனக்கு ஞாபகம் வந்துச்சு, இன்னிக்கு மொதலாளி வர்றாருன்னு. நீ இல்லன்னா தோச்காதான்னு. கால எடுத்துட்டேன். இவளும் பாத்தா. இவளும் ஒண்ணும் சொல்லல."

"இத… இத நீ நாளைக்கு வண்டியில…"

"இன்னிக்குச் சொல்றதா இருந்தான்," என்றாள் தோச்கா. அவள் உட்காரவில்லை. சாவ்காவுக்கு எதிரே, ஒரு காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மொத கிளாஸத் தூக்கும்போது, எல்லார் முன்னாடியும். நான்தான் சொல்லச் சொன்னேன். ரெண்டு மாசமா லைன்ல ஒருத்தியும் என்கூட டீ குடிக்கல. அந்தச் சாவி என் பையில செங்கல் மாதிரி கனக்குது. பதினாலாம் தேதி எல்லாரும் வருவாங்க, அப்போ சொல்லிடு, சாவிய நான் அங்கேயே அவ கையில குடுத்துடறேன்னு சொன்னேன். காலையிலயிருந்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துட்டிருந்தான், இந்த மனுஷன்."

சாவ்கா திரிஃபோனைப் பார்த்தாள். எல்லாரும் வந்தா நல்லது என்று அவன் வண்டியில் சொன்னது இப்போது அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது.

"சரி, அப்போ நாளைக்குச் சொல்லு," என்றாள். குரல் அவளுக்கே வேற்றாள் குரலாக இருந்தது. "வண்டியில எல்லாரும் இருப்பாங்க. அங்க சொல்லு."

"மாட்டேன்," என்றான் அவன்.

"திரிஃபோன்!"

"பதினேழு பேரு. அந்த வளைவுல ஒவ்வொருத்தரையா கையப் புடிச்சு இறக்கினேன். ராத்காவுக்குக் கையுறைய மாட்டிவிட்டேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்திருக்கக் கூடாதா? இந்த மேஜையப் பாரு. அவங்க முன்னாடி நான் தலையக் குனியணுமா? உன்கிட்டச் சொல்லணும், சொல்லிட்டேன். கடன் தீர்ந்துச்சு."

"என்கிட்டச் சொன்னா பத்தாது! அவங்க காதால கேக்கணும்!"

"அவங்க வரலையே," என்றாள் தோச்கா. "வர விடாமப் பண்ணினது யாருன்னு எனக்குத் தெரியாதா? நடையில உன் பூட்ஸ் மட்டும்தான் நிக்குது. மின்சோவக்கூட விடல." அவள் பன்றியிறைச்சித் தட்டை எடுத்தாள். "சாவி என்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு ஏழு மணிக்கு எல்லாரும் என் லைன்லதான் உக்காரணும். இது வரைக்கும் நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லல. இனிமே பாத்துக்கலாம். சாப்பிடு, ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காது."

சாவ்கா சாப்பிட்டாள். பெயர்நாள் வீட்டில் தட்டில் வைத்ததை மிச்சம் வைத்துவிட்டு எழ முடியாது. மிச்சமிருந்த மூன்று உருண்டையையும் அந்த இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினாள்.

திங்கட்கிழமை காலை வண்டி பாலத்தில் சரியாக நின்றது. அவள் ஏறினாள். உள்ளே பதினேழு முகங்களும் அவளைப் பார்த்து மலர்ந்தன. நிகோலாய் கண்ணடித்தான். ராத்கா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"வாக்கக் காப்பாத்திட்டோம் பாத்தியா? ஒருத்தர்கூடப் போகல. உள்ளுக்குள்ள செத்திருப்பான்."

"ஒத்துக்கிட்டான்," என்றாள் சாவ்கா. "பாத்தேன்னு ஒத்துக்கிட்டான் ராத்கா. நேத்து. வேணும்னேதான் போனேன்னு சொன்னான்."

"யார்கிட்ட?"

"என்கிட்ட. அவன் வீட்டுல."

"நீ போனியா?" ராத்காவின் கை தளர்ந்தது. "எங்கள எல்லாம் போகக் கூடாதுன்னுட்டு?"

சாவ்கா பதில் சொல்வதற்குள் ஓக்னியான் கடைசி வரிசையிலிருந்து கத்தினான். அவன் காதில் எதுவும் தப்பாது. "திரிஃபோன் அண்ணே! நேத்து சாவ்காகிட்ட நீங்க ஒத்துக்கிட்டீங்களாமே? பாலத்துல பாத்தீங்களாமே?"

திரிஃபோன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தான். டிசம்பருக்குப் பிறகு அந்தக் கண்ணாடியில் அவன் கண் முதல் தடவையாக அவள் கண்ணை நேராகச் சந்தித்தது.

"நான் யாரையும் பாக்கல," என்றான். "அன்னிக்கே சொன்னேனே."

தோச்கா திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி பாலத்தைத் தாண்டியது. சாவ்கா எழுந்து நின்றாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நிகோலாய் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். மற்றவர்களின் முகத்தில் அவள் ரொம்ப நாளாகத் தெரிந்துவைத்திருந்த அந்தச் சங்கடம் வந்திருந்தது. பொய் சொல்பவளைப் பார்க்கும் சங்கடம்.

"சத்தியமா சொன்னான்!" என்றாள். "தோச்கா இருந்தா! கேளுங்க!"

ஒருவரும் கேட்கவில்லை. ராத்கா அவள் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கோபத்தை விழுங்கிவிட்டுத் தோளைத் தட்டிக்கொடுத்தாள், பதினைந்து வருடச் சிநேகிதி அல்லவா.

"விடுடி," என்றாள். "அடுத்த வருஷமும் போகாம இருந்துடுவோம்."